துரைத்தனம் கேட்காத ஜெபம்

பழைய தமிழ் பைபிளில் எனக்கு மிகவும் பிடித்த சொல் துரைத்தனம். எபேசியருக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. நம் சண்டை ரத்தமும் சதையுமான ஆட்களோடு இல்லை, துரைத்தனங்களோடும் அதிகாரங்களோடும்தான் என்கிற பொருளில் போகும் பகுதி அது. கிரேக்க மூலத்தில் 'அர்க்காய்' என்று இருக்கிறது. ஆட்சிகள், தலைமைகள் என்று சொல்லலாம். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்து, பல சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு அதைத் துரைத்தனம் என்கிறது. அன்றைய தமிழில் வெள்ளைக்காரன் நடத்திய ஆட்சிக்கு அதுதான் பெயர். அரசாங்கம் துரைத்தனம், அதிகாரிகள் துரைத்தனத்தார்.

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு அருஞ்சொற்பொருள் தேவையில்லை. பால்மரக் காட்டில் தொரை என்றால் யார், அவர் பங்களா எந்த மேட்டில் இருந்தது என்பதெல்லாம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டவைதான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது என்பதும் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், நம் சண்டை துரைத்தனங்களோடு என்று யாரோ வாசித்திருப்பார்கள் இல்லையா? கேட்டுக்கொண்டிருந்தவர் காதில் என்ன விழுந்திருக்கும்? பிரசங்கியார் அவசர அவசரமாக, இது பிசாசைப் பற்றியது, வானத்தில் உள்ள ஆவிகளைப் பற்றியது என்று விளக்கியிருப்பார். விளக்கத்துக்கும் வாக்கியத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் சொல் சொல்தானே. அது தொரையைத்தான் காட்டுகிறது.

நான் கிறிஸ்தவன் இல்லை. பைபிளை இலக்கியமாக வாசிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் கொஞ்சம் நெளிகிறார்கள். "மதப் புத்தகமாச்சே, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். இதே நண்பர்கள் டால்ஸ்டாயைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர்கள். ஆனால் அந்தக் கிழவர் தன் பிற்காலத்தில் மலைப்பிரசங்கத்தை எழுத்துக்கு எழுத்து நம்பி, ராணுவத்தில் சேராதே, அரசுக்காகக் கொல்லாதே என்று எழுதிய 'கடவுளின் ராஜ்ஜியம் உனக்குள்' என்ற நூலை யாரும் சீண்டுவதில்லை. ரஷ்யாவில் தடைசெய்யப்பட்டு 1894இல் ஜெர்மனியில் அச்சான நூல். தென்னாப்பிரிக்காவில் அதை வாசித்த காந்திக்கு என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

எனக்கு இந்த வேதத்தில் ஆர்வம் வந்தது அதன் போதனைகளால் இல்லை. அதிகாரத்தின் சொற்களைத் திருடி, அதிகாரத்தின் முகத்திலேயே விட்டெறியும் வேலையை அது மறுபடி மறுபடி செய்கிறது. பின்னால் வந்த மதம் அந்தச் சொற்களை நன்றாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, பீடத்தில் வைத்துவிட்டது. இன்று அவை பக்திச் சொற்கள். அரசாங்கங்களுக்கு அவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை.

முதலில் ராஜாவிடமிருந்து தொடங்குகிறேன்.

முதலாம் சாமுவேல், எட்டாம் அதிகாரம். இஸ்ரவேலின் மூப்பர்கள் ராமாவில் கிழவர் சாமுவேலிடம் வருகிறார்கள். உங்களுக்கு வயதாகிவிட்டது, உங்கள் மகன்கள் லஞ்சம் வாங்குகிறார்கள், மற்ற ஜாதிகளுக்கு இருப்பதுபோல் எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்கிறார்கள். கோரிக்கை நியாயமானதுதான். நாமாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம். கடவுள் சாமுவேலிடம், அவர்கள் ஒதுக்கியது உன்னை இல்லை, என்னைத்தான் என்கிறார். பிறகு, கொடு, ஆனால் ராஜா என்ன செய்வான் என்பதைச் சொல்லிவிட்டுக் கொடு என்கிறார்.

சாமுவேல் சொல்வது ஒரு பட்டியல். உபமானம் இல்லை, சாபம் இல்லை, இறையியல் இல்லை. கிராணி செக்ரோல் வாசிப்பதுபோல் வாசித்துக்கொண்டே போகிறார். உங்கள் மகன்களை எடுப்பான்: தேர் ஓட்ட, குதிரையில் ஏற, தேருக்கு முன்னால் ஓட, ஆயிரம் பேருக்குத் தலைவனாக, ஐம்பது பேருக்குத் தலைவனாக, அவன் நிலத்தை உழ, அறுக்க, ஆயுதம் செய்ய. உங்கள் மகள்களை எடுப்பான்: வாசனைத் தைலம் செய்ய, சமைக்க, அப்பம் சுட. வயலை எடுப்பான், திராட்சைத் தோட்டத்தை, ஒலிவத் தோப்பை எடுத்துத் தன் ஆட்களுக்குக் கொடுப்பான். வேலைக்காரர்களை எடுப்பான், கழுதைகளை எடுப்பான். விளைச்சலில் பத்தில் ஒன்று, ஆட்டில் பத்தில் ஒன்று. கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமை. எபிரெயத்தில் 'எடுப்பான்' என்கிற வினை நான்கு முறை வருகிறது. 'கொடுப்பான்' வரும் இடங்களில் ராஜா யாருக்குக் கொடுக்கிறான் என்று பாருங்கள், தன் அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும்தான். ஜனங்களுக்கு அவன் கொடுப்பதாக ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.

இந்தப் பட்டியலின் வரிசையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வரி முதலில் வரவில்லை. நிலமும் முதலில் வரவில்லை. முதலில் போவது மகன். அதுவும் தேருக்கு, அதாவது ராணுவத்துக்கு. அரசு என்றால் என்ன என்று கேட்டால், உன் பிள்ளையைப் போருக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை என்றுதான் இந்தப் பழைய எழுத்தாளன் பதில் தொடங்குகிறான். அதைவிட ரத்தம் உறைய வைப்பது ஜனங்கள் சொல்லும் பதில். பட்டியலை முழுக்கக் கேட்டுவிட்டு, இல்லை, எங்களுக்கு ராஜா வேண்டும், அவன் எங்களுக்கு முன்னால் போய் எங்கள் யுத்தங்களை நடத்த வேண்டும் என்கிறார்கள். யுத்தத்துக்குப் போகப்போவது யாருடைய மகன்கள் என்று இப்போதுதானே கிழவர் சொன்னார்! அவர்கள் ஏமாற்றப்படவில்லை. தெரிந்தே கேட்கிறார்கள். பின்னால் வரும் சவுல், தாவீது, சாலொமோன் கதைகளை இந்த அத்தியாயம் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது.

நியாயாதிபதிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் இதற்கு ஒரு தங்கச்சிக் கதை உண்டு. அபிமெலேக்கு தன் சகோதரர்கள் எழுபது பேரை ஒரே கல்லின்மேல் வைத்துக் கொன்று ராஜாவாகிறான். தப்பித்த கடைக்குட்டி யோதாம் கெரிசீம் மலையில் ஏறி நின்று ஒரு கதையைக் கத்திச் சொல்லிவிட்டு ஓடிப்போகிறான். மரங்கள் ராஜா தேடிய கதை. ஒலிவ மரம், அத்தி மரம், திராட்சைக் கொடி எல்லாம் எங்களுக்கு வேலை இருக்கிறது என்று மறுக்கின்றன. பயனுள்ள எதுவும் ராஜாவாக ஒப்புக்கொள்ளவில்லை. முட்செடி மட்டும் சரி என்கிறது, என் நிழலில் ஒதுங்குங்கள், இல்லையென்றால் என்னிடமிருந்து நெருப்பு வரும் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? இந்த நக்கல் நம் நாட்டுப்புறக் கதைகளில் கேட்டுப் பழகிய நக்கல்தான்.

இனி புதிய ஏற்பாடு. இங்கேதான் சொல் திருட்டு உச்சத்துக்குப் போகிறது.

துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த பிரியேனே நகரில் கிடைத்த ஒரு கிரேக்கக் கல்வெட்டு, கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரோமப் பேரரசன் அகஸ்டஸின் பிறந்தநாளைப் புத்தாண்டாக மாற்றும் அரசாணை. அந்த ஆண்டவனின் பிறப்பு உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம் என்று அது புகழ்கிறது. நற்செய்தி என்பதற்கு அதில் உள்ள சொல் 'யுவாங்கெலியா'. அரண்மனையில் வாரிசு பிறந்தால், போர்க்களத்தில் வெற்றி கிடைத்தால் அறிவிக்கப்படும் செய்திக்கு வழங்கிய சொல். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து மாற்கு என்று நாம் அழைக்கும் ஒருவர், ரோமர்கள் சிலுவையில் அறைந்து கொன்ற ஒரு தச்சனின் கதையை எழுத உட்கார்ந்து, முதல் வரியிலேயே அதே சொல்லை வைக்கிறார். அன்றைய வாசகனுக்கு அது எப்படி ஒலித்திருக்கும்? தூக்கில் போட்ட ஒருவனின் கதைக்கு 'அரசிதழ்' என்று தலைப்பு வைத்ததுபோல. தமிழில் அது சுவிசேஷம் ஆயிற்று. கேட்டவுடன் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும் சொல்.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளுக்கு நடுவே வாழும் ஒருவன் வருகிறான். சங்கிலியால் கட்டினால் அறுத்துக்கொள்கிறான், இரவும் பகலும் கத்துகிறான், கல்லால் தன் உடம்பையே கீறிக்கொள்கிறான். உன் பெயர் என்ன என்று இயேசு கேட்கிறார். தமிழ் பைபிளில் பதில்: லேகியோன். நாம் என்ன செய்வோம்? ஏதோ பேயின் பெயர் என்று கடந்துபோவோம். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு லேகியம் ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சொல் எபிரெயமும் இல்லை, கிரேக்கமும் இல்லை. லத்தீன். ஐயாயிரம் பேருக்கு மேல் கொண்ட ரோமப் படைப்பிரிவின் பெயர். ரோம ராணுவம் ஊரில் உட்கார்ந்திருக்கும் காலத்தில், ஒரு மனிதனுக்குள் குடியேறி அவனைக் கிழித்துக்கொண்டிருக்கும் பேய், என் பெயர் ரெஜிமெண்ட் என்று சொல்கிறது. எங்களை இந்த நாட்டை விட்டுத் துரத்தாதீர்கள் என்றும் கெஞ்சுகிறது. ஆக்கிரமிப்புப் படை வேறு எதைக் கெஞ்சும்?

பிறகு அவை சுமார் இரண்டாயிரம் பன்றிகளுக்குள் புகுந்து, பன்றிகள் செங்குத்துச் சரிவில் பாய்ந்து கடலில் மூழ்குகின்றன. யூத யுத்தத்தில் எருசலேமை அழித்து, பிறகு அங்கேயே முகாமிட்ட பத்தாம் படைப்பிரிவின் சின்னங்களில் ஒன்று காட்டுப்பன்றி. மாற்கு எழுதப்பட்டது ஏறத்தாழ அந்த யுத்தம் நடந்த கி.பி. 70ஐ ஒட்டித்தான். கடலில் மூழ்கும் சேனை என்றதும் பார்வோனின் தேர்கள் நினைவுக்கு வராத யூத வாசகன் இருந்திருக்க முடியாது. மாற்கு இதையெல்லாம் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். ஒரு எழுத்தாளன் பேய்க்கு வைக்க உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, எதிரி ராணுவத்தின் பெயரைத் தற்செயலாக வைத்தான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

காசு கதை எல்லோரும் அறிந்தது. ரோமுக்கு வரி கட்டலாமா என்று கேட்டு மாட்டிவிடப் பார்க்கிறார்கள். இயேசு ஒரு காசைக் கொண்டுவரச் சொல்கிறார். அவரிடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும், கேட்டவர்களிடம் இருக்கிறது. அதில் திபேரியுவின் முகம், தெய்வமான அகஸ்டஸின் மகன் என்ற எழுத்து. இது யாருடைய சுரூபம் என்று கேட்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் சீசர் 'இராயன்' ஆகிவிடுகிறார். கிருஷ்ணதேவராயர் ரோமில் ஆண்டதுபோல் ஒரு மயக்கம் வருகிறது, எனக்கு அது பிடிக்கவும் செய்கிறது. ஆனால் இன்னொரு இடத்தில் இந்த மொழிபெயர்ப்பு ஒரு கண்ணியை அறுத்துவிடுகிறது. ஆதியாகமத்தில் கடவுள் மனிதனைத் தன் சாயலில் படைக்கிறார். காசில் இருப்பது சுரூபம். கிரேக்க வேதத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், 'எய்கோன்'. இராயன் முகம் பதிந்த உலோகத்தை இராயனிடம் தூக்கிப் போடு என்றால், கடவுள் முகம் பதிந்தது எது? மனிதன். அவனை இராயனுக்குக் கொடுக்காதே, அவன் தேருக்கும் குதிரைக்கும் கொடுக்காதே. சாமுவேலின் பட்டியலில் முதலில் போன அந்த மகனை நான் இங்கே பார்க்கிறேன். இந்த வாக்கியத்தைத்தான் மதமும் அரசியலும் வேறு வேறு, ஒழுங்காக வரியைக் கட்டு என்ற உபதேசமாக நூற்றாண்டுகளாக நமக்கு விற்றுவிட்டார்கள்.

இந்த இடத்தில் யாராவது கை தூக்குவார்கள். யோசுவாவை என்ன செய்வாய்? எரிகோவில் ராகாப் வீட்டைத் தவிர எல்லோரையும் வெட்டிப் போட்ட கதை அதே புத்தகத்தில்தானே இருக்கிறது? கடவுளுக்கே சேனைகளின் கர்த்தர் என்றுதானே பெயர்? ஆமாம், இருக்கிறது. அதைச் சமாதானப்படுத்த நான் முயலப்போவதில்லை. இது ஒரே ஆள் எழுதிய புத்தகம் கிடையாது. ராஜாவின் ஆஸ்தானத்தில் எழுதியதும் ராஜாவைத் திட்டி எழுதியதும் ஒரே கட்டில் கட்டப்பட்டிருக்கின்றன. ஏசாயா இரண்டாம் அதிகாரத்தில் பட்டயங்களை அடித்து மண்வெட்டி ஆக்குகிறார்கள். யோவேல் மூன்றாம் அதிகாரத்தில் அதே வாக்கியத்தை அப்படியே திருப்பிப் போட்டு மண்வெட்டியை அடித்துப் பட்டயம் ஆக்கச் சொல்கிறார்கள். இரண்டும் வேதம்தான்.

ரோமருக்கு எழுதிய கடிதத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் இன்னும் சிக்கல். மேலே உள்ள அதிகாரங்களுக்குக் கீழ்ப்படி என்கிறது, அவை கடவுளால் வந்தவை என்கிறது. எழுதப்பட்டது நீரோ ஆண்ட காலத்தில். இதை வைத்துத்தான் உலகத்தில் எல்லாச் சர்வாதிகாரிகளும் சர்ச்சின் வாயை அடைத்திருக்கிறார்கள். டெரன்ஸ் மாலிக்கின் 'எ ஹிடன் லைஃப்' (2019) பார்த்தவர்களுக்கு ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டரைத் தெரியும். ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்ட ஆஸ்திரிய விவசாயி. அவரை மறுக்க வேண்டாம், குடும்பத்தைப் பார் என்று சொன்னவர்களில் அவருடைய மறைமாவட்ட ஆயரே இருந்தார். அன்றைய ஜெர்மானியச் சிப்பாயின் இடுப்புவாரில் கடவுள் நம்மோடு என்று பொறித்திருந்தது. 2007இல் அதே திருச்சபை யேகர்ஸ்டேட்டருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது. அறுபத்து நான்கு வருடம் எடுத்தது. ஆனால் ரோமர் கடிதத்தில் கீழ்ப்படியச் சொல்லும் 'அதிகாரம்', எபேசியர் கடிதத்தில் சண்டை போடச் சொல்லும் 'அதிகாரம்' இரண்டும் கிரேக்கத்திலும் ஒரே சொல்தான். தமிழ் மொழிபெயர்ப்பு இதை மறைக்காமல் விட்டிருக்கிறது. வாசகன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு திணற வேண்டியதுதான்.

தமிழுக்கு இது புதிதா என்ன? இறை என்றால் பழந்தமிழில் கடவுள், அரசன், அரசனுக்குக் கட்டும் வரி மூன்றும்தான். கோயில் என்பது கோவின் இல். பல்லவ அரசன் ஆளனுப்பி அழைத்தபோது போக மறுத்து அப்பர் பாடிய பதிகம் பெரியபுராணத்தில் ஒரு உச்சக்கட்டம். நாம் யாருக்கும் குடிமக்கள் இல்லை என்கிற அந்தத் திமிர், கடவுளின் பெயரால் அரசனை மறுக்கும் திமிர், எபேசியர் கடிதத்துக்கு உறவுக்காரன். ஆனால் பெரியபுராணத்தில் பிறகு அரசன் சைவனாகிவிடுகிறான். பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ரோமிலும் அதுதான் நடந்தது. 312இல் கான்ஸ்டன்டைன் தன் வீரர்களின் கேடயங்களில் கிறிஸ்துவின் குறியை வரைந்துகொண்டு போருக்குப் போனான் என்கிறார்கள் அக்கால ஆசிரியர்கள். லேகியோனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று.

ஏசாயாவின் அந்த வாக்கியத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லோருக்கும் பட்டயமும் மண்வெட்டியும் ஞாபகம் இருக்கிறது. நியூயார்க்கில் ஐ.நா. தோட்டத்தில் அதற்குச் சிலையே இருக்கிறது, யெவ்கேனி வுசேதிச் செய்தது, 1959இல் சோவியத் ஒன்றியம் கொடுத்த பரிசு. பரிசு கொடுத்த கையோடு 1961இல் மனிதகுலம் வெடித்ததிலேயே பெரிய அணுகுண்டையும் அவர்கள்தான் வெடித்துக் காட்டினார்கள். ஆனால் வாக்கியத்தின் வால் பகுதியை யாரும் சிலை செய்வதில்லை. இனி யுத்தத்தைக் கற்கமாட்டார்கள் என்று முடிகிறது அது. கற்பது. யுத்தம் இயல்பாக வருவதில்லை, படிக்க வேண்டிய பாடம் அது, அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும், காலை ஐந்து மணிக்கு எழுப்ப ஆள் வேண்டும். சிங்கப்பூரில் வளர்ந்த பையன்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். அங்கே 1967இல் கட்டாய தேசிய சேவை வந்தது. 1972இல் யெகோவாவின் சாட்சிகள் சங்கத்தின் பதிவை அரசு ரத்து செய்தது, அவர்கள் சேவைக்குப் போக மறுத்தது முக்கியக் காரணம். மறுத்த இளைஞர்கள் ராணுவத் தடுப்புக்காவலுக்குப் போனார்கள். அவர்களுடைய இறையியல் எனக்குத் துளியும் ஒத்துவராது, வீட்டுக் கதவைத் தட்டினால் நானும் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லும் ஆள்தான். ஆனால் அந்த ஒரு வினைச்சொல்லை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். மற்ற சபைகள் அதே ஏசாயாவை வாசித்தன, யாருடைய பதிவும் ரத்தாகவில்லை.

இவ்வளவும் நான் எழுதுவது ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்லத்தான். 'கேட்டன்ஸ்வில் ஒன்பது பேர் வழக்கு'. எழுதியவர் டேனியல் பெரிகன், அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார், கவிஞர். 1968 மே 17 அன்று அவரும் அவர் தம்பி பிலிப்பும் இன்னும் ஏழு பேரும் மேரிலாண்டில் கேட்டன்ஸ்வில் என்ற ஊரில் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குள் நுழைந்து, 378 கோப்புகளைக் கம்பிக்கூடைகளில் அள்ளி, வெளியே கார் நிறுத்துமிடத்தில் கொட்டி எரித்தார்கள். எரிக்க வீட்டிலேயே நேப்பாம் தயாரித்திருந்தார்கள், பெட்ரோலும் சோப்புத்தூளும். செய்முறை அமெரிக்க ராணுவத்தின் கையேட்டிலிருந்தே எடுத்தது. வியட்நாமில் குழந்தைகள்மேல் விழுந்துகொண்டிருந்த பொருள் அது. பிறகு ஓடவில்லை. போலீஸ் வரும்வரை நெருப்பைச் சுற்றி நின்று ஜெபம் செய்தார்கள்.

ராணுவத்தின் செய்முறையை எடுத்து ராணுவத்தின் காகிதத்தையே எரிப்பது! மாற்கு செய்த அதே வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோப்புகள் என்ன? சாமுவேல் வாசித்த பட்டியலின் முதல் வரிதான், மகன்களின் பெயர்கள்.

அக்டோபரில் பால்டிமோரில் விசாரணை நடந்தது. அதன் எழுத்துப் பதிவைச் சுருக்கிச் செதுக்கி பெரிகன் இந்த நாடகத்தை 1970இல் கொண்டுவந்தார். பேச்சு உரைநடையிலிருந்து மெல்லக் கவிதை வரிகளாக உடைகிறது. நீதிபதி வில்லன் இல்லை என்பது நாடகத்தின் பெரிய பலம். போர் மேல் அவருக்கும் கசப்பு உண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் சட்டம் என்ற ஒன்று இருக்கிறதே என்று மறுபடி மறுபடி சொல்கிறார். அரசுத் தரப்பும் வாதத்தில் சறுக்கவில்லை: இங்கே வழக்கு போர் பற்றியது இல்லை, காகிதங்கள் எரிந்தனவா இல்லையா, யார் எரித்தது? அவ்வளவுதான். எரித்தவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். ஒன்பது பேரும் குற்றவாளிகள்.

விசாரணையின் கடைசி நாளில் நடப்பதுதான் இந்த நாடகத்தின் இதயம். நீதிமன்றத்தில் எல்லோருமாகப் பரமண்டல ஜெபம் சொல்ல அனுமதி கேட்கிறார்கள். நீதிபதி தடுமாறி, அரசுத் தரப்பின் கருத்தைக் கேட்கிறார். அரசுக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லுங்கள் என்கிறார்கள். சொல்கிறார்கள். ஒரு கூட்டரசு நீதிமன்றத்துக்குள், அரசின் அனுமதியோடு, இந்த அரசு இல்லை, வேறொரு ராஜ்ஜியம் இங்கே பூமியில் வரட்டும் என்று ஒரு வேண்டுதல் வைக்கப்படுகிறது. ரோம் ஆண்ட கலிலேயாவில் அந்த வாக்கியம் முதலில் பிறந்தபோது அதில் எவ்வளவு ராஜதுரோகம் இருந்ததோ அவ்வளவும் பால்டிமோரிலும் இருக்கிறது. அரசு வழக்கறிஞர் காதில் விழுந்தது ஜெபம் மட்டும். பக்தி. யாருக்கு என்ன ஆட்சேபணை?

நாடகம் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை, கைதட்டல் கேட்பதில்லை, அப்படியே விட்டுவிடுகிறது. பெரிகன் கவிஞர் என்பது எனக்கு உறுதிப்பட்ட இடம் அது.

ஆனால் குறையும் அங்கேயேதான் இருக்கிறது. ஒன்பது பேரும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகிறார்கள், பெரிகனின் குரலில். குவாதமாலாவில் மிஷனரியாக இருந்து அங்கே நிலமற்றவர்களோடு நின்றதால் வெளியேற்றப்பட்ட தம்பதியின் சாட்சியம் இதில் உண்டு. அதில் வரவேண்டிய மண்ணும் புழுக்கமும் கவிதை வரிகளாக மடித்து வைக்கப்பட்டுவிட்டன. எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. அந்த அலுவலகத்தில் அன்று வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் குமாஸ்தாக்கள். மே மாதத்து ஒரு பகல், தட்டச்சு இயந்திரம், மேசைமேல் காபி. பாதிரியார்கள் புகுந்து அலமாரியைத் திறந்து அள்ளுகிறார்கள். கோப்பைப் பிடித்து இழுத்தாவது காப்பாற்றப் பார்த்தவர்கள் அவர்கள். துரைத்தனத்தின் சம்பளம் வாங்கும் எளிய மனிதர்கள். நம் தோட்டத்துக் கிராணியைப்போல, நம் அரசாங்க அலுவலகங்களில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் நம் அக்காக்களைப்போல. அவர்கள் பக்கம் நாடகத்தில் மிகக் குறைவு. சண்டை ஆட்களோடு இல்லை என்று சொல்லும் வேதத்தை நம்புகிறவர் அந்த ஆட்களுக்கு இன்னும் கொஞ்சம் வரிகள் கொடுத்திருக்கலாம்.

மாற்கு கொடுத்திருக்கிறார். பன்றிகள் கடலில் மூழ்கியதும் கதையை அங்கேயே முடித்துக் கொடி ஏற்றியிருக்கலாம். அவர் பன்றி மேய்ப்பவர்களைப் பின்தொடர்கிறார். அவர்கள் பயந்து ஊருக்குள் ஓடிச் சொல்கிறார்கள், ஊர் திரண்டு வந்து பார்க்கிறது. பேய் பிடித்தவன் துணி உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். இரண்டாயிரம் பன்றிகள் போய்விட்டன. தயவுசெய்து எங்கள் ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று இயேசுவைக் கேட்டுக்கொள்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் படகில் ஏறுகிறார்.